எத்தனை பேர் என்று தெரியும், யார் என்று தெரியாது

வெளி டிஸ்க் ஒன்றைக் கழற்றப் போகிறீர்கள். எஜெக்ட் பொத்தானை அமுக்கியதும் கணினி முடியாது என்கிறது. சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது விண்டோஸ். ஒன்றோ பலவோ நிரல்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்கிறது மேக். லினக்ஸ் இன்னும் சுருக்கமாக, டிஸ்க் வேலையாக இருக்கிறது என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறது. மூன்றும் நமக்கு வேண்டிய ஒரே தகவலை மட்டும் விட்டுவிடுகின்றன: பிடித்திருப்பது யார்?

எரிச்சல் வருவது நியாயம். நொடிக்குப் பல நூறு கோடிக் கணக்குகளைப் போடும் இயந்திரத்துக்கு, தனக்குள்ளேயே ஓடும் நிரலின் பெயர் தெரியாதா? பெரும்பாலும் கையோடு தெரியாது. இந்த அத்தியாயம் அந்தத் தெரியாமை எங்கிருந்து வந்தது, அதை எப்படிப் போக்குவது என்பதைப் பற்றியது. காரணம் தெரிந்துவிட்டால் கழற்ற மறுக்கும் டிஸ்க்கைக் கையாள்வது சுலபம். தெரியாவிட்டால் மிஞ்சுவது ஒரே வழிதான்: கேபிளைப் பிடித்து இழுப்பது.

கழற்றக்கூடிய தட்டு

யூனிக்ஸ் இயங்குதளம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட அதன் முதல் கையேட்டிலேயே டிஸ்க்கை ஏற்றவும் இறக்கவும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. 1974-ல் டெனிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் எழுதிய கட்டுரை அவர்களுடைய பிடிபி-11 கணினியை விவரிக்கிறது. அதில் 4 டிரைவ்கள், ஒவ்வொன்றிலும் கழற்றி மாற்றக்கூடிய ஒரு காட்ரிட்ஜ், அதன் கொள்ளளவு 2.5 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே புகைப்படம் அதை நிரப்பிவிடும். அந்தக் காட்ரிட்ஜ்களை மனிதர்கள் கையால் எடுத்து மாற்றினார்கள். ஆகவே ‘இனி இதை எடுக்கலாமா?’ என்ற கேள்விக்குக் கணினி பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

யூனிக்ஸில் சி, டி என்று டிஸ்க்குக்கு ஓர் எழுத்து கிடையாது. எல்லாக் கோப்புறைகளும் ஒரே மரம். புதிய டிஸ்க்கை ஏற்றினால் அதன் கோப்புறைகள் அனைத்தும் அந்த மரத்தின் ஏதோ ஓரிடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். இறக்கினால் அந்தப் பகுதி மறைந்துபோகும். பயன்படுத்துகிறவருக்கு எது எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதே தெரிய வேண்டாம். இந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. யூனிக்ஸில் ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் வைக்கலாம். ஆனால் ஒரு பெயர் ஒரு டிஸ்க்கிலும் மற்றொரு பெயர் இன்னொரு டிஸ்க்கிலுமாக இருக்க அனுமதியில்லை. ஏன் இந்த ஒரு தடை என்பதற்கும் அந்தக் கட்டுரையே விடை தருகிறது: அனுமதித்தால், டிஸ்க்கை இறக்கும் நாளில் அறுந்த பெயர்களைத் தேடித் தேடி நீக்கும் கணக்குவேலை பெருகிவிடும். கழற்றும் நேரத்தை நினைத்து அமைப்பின் விதியையே மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தடை 50 ஆண்டுக்குப் பிறகு இன்றும் லினக்ஸிலும் மேக்கிலும் அப்படியே இருக்கிறது.

ஓர் எண் மட்டும்

இயங்குதளத்தின் மையப் பகுதியைக் கெர்னல் என்பார்கள். ஏற்றப்பட்ட ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அது ஓர் எண்ணை வைத்திருக்கிறது. அந்த டிஸ்க்கில் ஏதாவது ஒன்றை யாராவது பிடித்தால் எண் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். இறக்கச் சொல்லும்போது கெர்னல் பார்ப்பது இதைத்தான். யாரும் பிடிக்காத நிலைக்கு எண் வந்துவிட்டால் இறக்கும், இல்லாவிட்டால் மறுக்கும்.

பெயர்ப் பட்டியல் வைக்காமல் எண்ணை மட்டும் வைப்பதற்குக் காரணம் வேகம். ஒரு கோப்பைத் திறப்பதும் மூடுவதும் நொடிக்குப் பல்லாயிரம் தடவை நடக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டியலில் பெயர் எழுதி, பிறகு தேடி அழித்துக்கொண்டிருந்தால் கணினி நகராது. லினக்ஸ் இதில் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. பல கோர் உள்ள கணினியில் ஒவ்வொரு கோரும் தன் பங்குக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்கிறது. மொத்தம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பது இறக்கும் நேரத்தில்தான். அதுவரை மொத்த எண்ணிக்கைகூட யாருக்கும் தேவையில்லை.

பிடிப்பது என்றால் கோப்பைத் திறந்து வைத்திருப்பது மட்டும்தான் என்று நினைக்கிறோம். வேறு வழிகளும் உண்டு. டெர்மினல் ஜன்னல் ஒன்று அந்த டிஸ்க்கின் கோப்புறைக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தாலே போதும். அது எந்தக் கோப்பையும் தொடவில்லை, ஆனாலும் எண்ணில் அது ஒன்று. அந்த டிஸ்க்கில் இருக்கும் நிரல் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்று. ஒரு கோப்பை நினைவகத்தோடு நேரடியாகப் பொருத்தி வைத்திருந்தால் ஒன்று. டிஸ்க்கின் ஒரு கோப்புறைமேல் இன்னொரு டிஸ்க் ஏற்றப்பட்டிருந்தால், மேலே உள்ளது இறங்காமல் கீழே உள்ளது இறங்காது.

எல்லாவற்றையும்விட வேடிக்கையானது அழித்த கோப்பு. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் அழிக்கலாம். பட்டியலில் பெயர் போய்விடும். உள்ளடக்கம் போகாது. அந்த நிரல் கையை விடும்வரை அது டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், டிஸ்க்கையும் பிடித்துக்கொண்டிருக்கும். கோப்புறையில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் டிஸ்க் விடமாட்டேன் என்கிறதே என்று குழம்புகிறவர்களில் பலர் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான்.

எழுதியதும் எழுதப்படாததும்

பிடித்திருந்தால் என்ன, இழுத்தால் என்ன ஆகிவிடும்? பல நேரங்களில் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழிவதில்லை.

ஒரு கோப்பை டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது அது முதலில் போய்ச் சேர்வது கணினியின் நினைவகத்தில். டிஸ்க் மெதுவானது, நினைவகம் வேகமானது. ஆகவே கணினி எழுத வேண்டியதை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று நிரலிடம் சொல்லிவிட்டு, பின்னணியில் நிதானமாக டிஸ்க்கில் எழுதுகிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இதற்கென்று உள்ள பணியாள் 5 நொடிக்கு ஒருமுறை விழித்து, 30 நொடிக்கு மேல் காத்திருப்பதையெல்லாம் எழுதத் தொடங்கும். நொடிக்கு 10 மெகாபைட் மட்டும் எழுதக்கூடிய பழைய பென் டிரைவில், நினைவகத்தில் 500 மெகாபைட் பாக்கி இருந்தால், திரையில் நகலெடுப்பு முடிந்த பிறகும் 50 நொடி வேலை இருக்கிறது. இந்த இடைவெளியில் இழுத்தால் போவது கடைசியாக எழுதியது.

போவது அது மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் வெளி டிஸ்க்குகளிலும் பென் டிரைவ்களிலும் பெரும்பாலும் இருப்பது எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 என்ற கோப்பு முறை. அதில் ஒரு கோப்பை எழுத மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும்: உள்ளடக்கம், எந்தத் துண்டு யாருக்கு என்ற ஒதுக்கீட்டுக் கணக்கு, கோப்புறையில் பெயரும் அளவும். மூன்றும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. பெயர் ஏறி உள்ளடக்கம் ஏறாவிட்டால், பெயரும் அளவும் சரியாக இருக்கும், திறந்தால் குப்பை. ஒதுக்கீடு ஏறிப் பெயர் ஏறாவிட்டால், யாருக்கும் சொந்தமில்லாத இடம் டிஸ்க்கில் தேங்கும். ஒதுக்கீட்டுக் கணக்கே பாதியில் நின்றால், நீங்கள் தொடாத பழைய கோப்புகளும் சேர்ந்து பாழாகலாம்.

மான்ட்ரியாலின் லாசால் பகுதிக்கு வடக்கு ஓரத்தில் ஓடும் லஷீன் கால்வாயில் இதற்கு ஓர் உவமை கிடைக்கிறது. 1825-ல் திறந்து, 1970-ல் கப்பல்களுக்கு மூடி, 2002-ல் உல்லாசப் படகுகளுக்காக மறுபடி திறந்த கால்வாய் அது. படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் தொட்டிகள் அதில் 5 இடத்தில் உண்டு. அப்படிப்பட்ட தொட்டிகளின் இரட்டைக் கதவு, நீர் உயர்ந்திருக்கும் பக்கம் நோக்கிக் கூம்பி நிற்கும். இரண்டு பக்கமும் மட்டம் வேறாக இருக்கும்வரை நீரின் எடையே கதவை இறுக்கி மூடியிருக்கும். எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. அடி மதகைத் திறந்து மட்டம் சமமானால் கதவு தானாக இளகும். இறக்கும் கட்டளையும் அந்த மதகு வேலையைத்தான் செய்கிறது. நினைவகத்தில் இருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை எழுதித் தள்ளுகிறது, பிறகு விடுகிறது.

எண்ணிலிருந்து பெயருக்கு

பெயர் எங்குமே இல்லை என்பதல்ல. தலைகீழாக இருக்கிறது. எந்த நிரல் எதையெல்லாம் திறந்திருக்கிறது என்ற குறிப்பு ஒவ்வொரு நிரலிடமும் இருக்கிறது. இந்த டிஸ்க்கை யாரெல்லாம் திறந்திருக்கிறார்கள் என்று அறிய, ஓடும் நிரல்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்கென்றே பர்டூ பல்கலைக்கழகத்தில் விக் ஏபெல் எழுதிய கருவி எல்எஸ்ஓஎஃப். மேக்கில் கூடவே வருகிறது, லினக்ஸில் எளிதாக நிறுவலாம்.

லாசாலில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை என்று வைத்துக்கொள்வோம். மேக் கணினி, அதில் ஒரு வெளி டிஸ்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து, மேக்கின் ஃபோட்டோஸ் நூலகமாக அந்த டிஸ்க்கில் வைத்திருக்கிறார்கள். அங்ரிஞோன் மெட்ரோவுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிறது. டிஸ்க் விடவில்லை.

“தம்பி, இது கழருதில்லை. அப்பிடியே இழுத்து எடுக்கட்டோ?”

“பொறுங்கோ அக்கா. ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கினம் எண்டு பாப்பம்.”

தம்பி டெர்மினலைத் திறந்து, எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பின்னால் டிஸ்க்கின் பெயரைக் கொடுக்கிறான். இரண்டு நிரல்களின் வரிகள் வருகின்றன. ஒவ்வொரு வரியிலும் முதலில் நிரலின் பெயர், அடுத்து அதன் எண், சற்றுத் தள்ளி எப்படிப் பிடித்திருக்கிறது என்ற குறிப்பு. முதல் நிரல் இசட்எஸ்எச், அதாவது டெர்மினலின் ஷெல். அதன் குறிப்பு சிடபிள்யூடி: இந்த டிஸ்க்கின் கோப்புறைக்குள் நிற்கிறது, அவ்வளவுதான். நேற்று எதற்கோ திறந்து பின்னால் மறந்துபோன ஜன்னல். மூடினால் போயிற்று.

இரண்டாவது, ஃபோட்டோஅனாலிசிஸ்டி. ஃபோட்டோஸ் செயலியை அக்கா மூடிவிட்டார். ஆனால் படங்களில் முகங்களை அடையாளம் காணும் வேலையைச் செய்வது இந்தப் பின்னணி நிரல், அதற்குச் செயலி திறந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதன் வரியில் ஓர் எண்ணும் கூடவே யு என்ற எழுத்தும் இருக்கின்றன. இந்த எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஆர் என்றால் படிக்க மட்டும் திறந்திருக்கிறது. டபிள்யூ என்றால் எழுத. யு என்றால் இரண்டுக்கும். ஆர் மட்டும் உள்ள நிரலை நிறுத்தினால் டிஸ்க்குக்குச் சேதம் வர வழியில்லை. டபிள்யூவோ யுவோ இருந்தால், எதையாவது பாதி எழுதியிருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். இங்கே அது திறந்து வைத்திருப்பது நூலகத்தின் தரவுத்தளம், ஆயிரக்கணக்கான படங்களின் விவரம் அதில்தான். முரட்டுத்தனமாக அறுக்காமல், முறையாக முடித்துக்கொள்ளும்படி மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டர் செயலியில் சொன்னால் அது கோப்பை மூடிவிட்டு விலகும்.

இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்க் விடவில்லை என்றால், பார்த்தது முழுப் பட்டியல் இல்லை. சாதாரணப் பயனருக்கு எல்எஸ்ஓஎஃப் காட்டுவது அவருடைய நிரல்களை மட்டும்தான். அதே கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் எம்டிஎஸ்_ஸ்டோர்ஸ் தலைகாட்டலாம். அது ஸ்பாட்லைட் தேடலுக்காக டிஸ்க்கைப் படித்து அட்டவணை தயாரிக்கும் நிரல். புதிதாக நிறையப் படங்களைச் சேர்த்த நாளில் அது மும்முரமாக இருக்கும். பெரும்பாலும் கேட்டதும் விட்டுவிடும், சில நேரம் விடாது. அதை அடித்து நிறுத்துவதைவிடச் சற்றுப் பொறுத்திருப்பது மேல். அடிக்கடி தொல்லை தந்தால் அந்த டிஸ்க்குக்கு மட்டும் தேடலை நிறுத்தி வைக்கலாம்.

மேக் இந்த விஷயத்தில் யூனிக்ஸைவிட ஒரு படி மேல். அதில் டிஸ்க்குகளுக்கென ஒரு நடுவர் சேவை இருக்கிறது. கழற்றப் போகிறோம் என்று முன்கூட்டி அது நிரல்களிடம் கேட்கும், அவை மறுக்கலாம். டெர்மினலில் டிஸ்க்யுட்டில் கட்டளையால் இறக்கினால், மறுத்த நிரலின் எண்ணையே பல நேரம் சொல்லிவிடும். அழகான ஜன்னலில் மறைக்கும் பெயரை அசிங்கமான ஜன்னலில் சொல்லும் விசித்திரம் அது.

விண்டோஸிலும் பெயர் ஓரிடத்தில் பதிவாகிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டைத் திறந்து 225 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடினால், எந்த நிரல் கழற்றுவதைத் தடுத்தது என்று பெயரும் எண்ணும் இருக்கும். ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பக்கத்தில் டிரைவ் எழுத்தைக் கொடுத்துத் தேடினாலும் வரும். நிரலின் எண் 4 என்று வந்தால் அது கெர்னலே. வைரஸ் தடுப்பி போல உள்ளே ஆழமாக உட்கார்ந்து வேலை செய்யும் ஏதோ ஒன்று என்று பொருள்.

நிர்வாகி உரிமையோடு பார்த்தும் பட்டியல் காலி, டிஸ்க்கும் விடவில்லை. லினக்ஸில் இது நடக்கும். எல்எஸ்ஓஎஃப் நிரல்களைத்தான் புரட்டுகிறது, ஆனால் எண்ணைக் கூட்டியவர்கள் எல்லோரும் நிரல்கள் அல்ல. டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்பை ஸ்வாப் நினைவகமாகக் கெர்னல் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். ஒரு டிஸ்க் இமேஜைத் திறந்து தனி டிஸ்க்காக ஏற்றியிருக்கலாம். வலையமைப்பில் மற்றவர்களுக்குப் பகிர்ந்திருக்கலாம். ஒரு கோப்புறைமேல் வேறொன்று ஏறி உட்கார்ந்திருக்கலாம். காலிப் பட்டியல் தேடலின் முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிடித்திருப்பது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது என்று அது துப்புக் கொடுக்கிறது.

முரட்டு வழிகள்

பொறுமை இல்லாதவர்களுக்கும் கருவிகள் உண்டு. அவற்றில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது லினக்ஸின் சோம்பல் இறக்கம். இறக்கும் கட்டளையோடு எல் என்ற குறியைச் சேர்த்தால் டிஸ்க் உடனே மரத்திலிருந்து மறைந்துவிடும். பிழைச் செய்தி இல்லை, எல்லாம் சுபம். உண்மையில் மறைந்தது பாதை மட்டும். ஏற்கெனவே பிடித்திருந்தவர்கள் பிடித்தபடியே இருக்கிறார்கள், எழுதிக்கொண்டும் இருக்கலாம். கடைசி ஆள் விட்ட பிறகுதான் டிஸ்க் நிஜமாக இறங்கும், அது எப்போது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இறங்கிவிட்டது என்று நம்பி இழுத்தால் ஓர் ஆபத்து. பழுது பார்க்கும் நிரலை அதன்மேல் ஓட்டினால் அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே டிஸ்க்கில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதுவார்கள்.

இன்னொன்று ஃபியூசர். கொல்லும் குறியோடு ஓட்டினால், பிடித்திருக்கும் அத்தனை பேரையும் ஒரே கட்டளையில் கொன்றுவிடும். நீங்கள் கொடுத்த கோப்புறையில் உண்மையில் எந்த டிஸ்க்கும் ஏற்றப்படாமல் இருந்தால், அந்தக் கோப்புறை எந்த டிஸ்க்கைச் சேர்ந்ததோ அந்த டிஸ்க்கைப் பிடித்திருப்பவர்களை அது தேடும். பெரும்பாலும் அது கணினியின் முதன்மை டிஸ்க். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் எல்லாமும் சேர்ந்து சாகும். கொல்லும் குறியைச் சேர்க்கும் முன் அது இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பட்டியலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கொல்ல முடியாத நிரலும் உண்டு. நிரல் பட்டியலில் அதன் நிலை டி என்று நிற்கும். டிஸ்க்கிடம் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கெர்னலுக்குள் காத்திருக்கிறது, அந்தப் பதில் வரும்வரை எந்தக் கட்டளையும் அதன் காதில் விழாது. ஒரு டிஸ்க்மேல் இப்படிப்பட்ட நிரல் நிமிடக்கணக்கில் நின்றால் நிரலைச் சந்தேகிக்க வேண்டாம், டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். கெர்னல் பதிவேட்டில் படிப்புப் பிழைகள் வரிசையாக இருந்தால் டிஸ்க்கோ கேபிளோ சாகக் கிடக்கிறது. இறக்கும் பேச்சை விட்டுவிட்டு, படிக்க முடிகிறவற்றை முதலில் வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டிய நேரம் அது.

எல்லோருக்கும் ஒரே கணத்தில்

2023 ஏப்ரல் 5 அன்று மான்ட்ரியாலில் உறைமழை பெய்தது. பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மரங்கள் மின்கம்பிகள்மேல் விழுந்தன. கியூபெக்கில் சுமார் 11 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருந்த மேசைக் கணினிகளுக்கு அது என்ன? எந்த டிஸ்க்கையும் இறக்காமல், எந்த எண்ணையும் பார்க்காமல், ஒரே கணத்தில் கேபிளை இழுத்ததற்குச் சமம்.

இதே நகரத்தை 1998 ஜனவரிப் பனிப்புயலும் இருளில் தள்ளியது. அப்போது வீட்டுக் கணினிகளில் பரவலாக இருந்தது விண்டோஸ் 95, ஃபேட் கோப்பு முறை. மின்சாரம் வந்ததும் ஸ்கேன்டிஸ்க் டிஸ்க் முழுவதையும் அலசி, அறுந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டியிருந்தது. இரண்டு புயலுக்கும் இடையில் வீட்டுக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தது ஜர்னல். ஒரு மாற்றத்தைச் செய்யும் முன் என்ன செய்யப்போகிறோம் என்று டிஸ்க்கில் ஓரிடத்தில் குறித்துக்கொள்வது. பாதியில் மின்சாரம் போனால், திரும்ப வந்ததும் குறிப்பைப் படித்து முடித்துவிடும், அல்லது அந்த மாற்றத்தைக் கைவிடும். விண்டோஸ் என்டியோடு 1993-லேயே வந்த என்டிஎஃப்எஸ்ஸில் இது இருந்தது, ஆனால் அது வீடுகளில் பரவியது பிறகுதான். லினக்ஸுக்கு 2001-ல் எக்ஸ்ட்3 வழியாகவும், மேக்குக்கு 2002-லும் வந்தது.

ஜர்னல் காப்பது டிஸ்க்கின் கட்டமைப்பை. கடைசியாக நீங்கள் தட்டச்சு செய்த பத்தி நினைவகத்திலேயே இருந்திருந்தால் அதை எந்த ஜர்னலும் மீட்டுத் தராது. எக்ஸ்ஃபேட் பென் டிரைவிலோ ஜர்னலே இல்லை. விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு நினைவகத்தில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எழுதும் முறையே இயல்பானது. இழுக்கும் பழக்கத்தை மாற்ற முடியாது என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே இழுத்தால் அதுவும் கைகொடுக்காது.

பெயர் தெரிந்தும் விடுவிக்க முடியாத டிஸ்க்குக்கு, அவசரம் இருந்தால், மிச்சமிருக்கும் நல்ல வழி கணினியையே முறையாக அணைப்பது. அணைக்கும்போது நடப்பதைப் பார்த்தால் இந்த அத்தியாயம் முழுவதும் அதில் இருக்கும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் சிஸ்டம்டி முதலில் எல்லாச் சேவைகளையும் நிறுத்திக்கொள்ளும்படி கேட்கிறது. பதிலில்லாவிட்டால் வழக்கமாக 90 நொடிவரை காத்திருக்கிறது. அதற்கும் அசையாதவற்றைக் கொல்கிறது. பிறகு ஒவ்வொரு டிஸ்க்காக இறக்குகிறது. ஒன்று இறங்காவிட்டால் அதைப் படிக்க மட்டும் என்று மாற்றி, இனி யாரும் எழுத முடியாதபடி செய்கிறது. எல்லோரையும் கொல்லும் அதிகாரம் முதல் நொடியிலிருந்தே அதனிடம் இருக்கிறது. ஆனாலும் மின்சாரத்தைத் துண்டிப்பதை அது கடைசி வேலையாகவே வைத்திருக்கிறது.